போதகர் குடித்த காப்பி

மழைக்கு முந்தின வாரங்களில் எங்கள் தொழிலுக்கு ஓய்வு கிடையாது. மலைச்சரிவில் படிப்படியாக நிற்கும் தோட்டச் சுவர்கள் சாந்து பூசாதவை. கல்லைக் கல் கடித்துக்கொண்டு நிற்பவை. எங்கே வயிறு தள்ளியிருக்கிறதோ அங்கே முதல் மழையில் சரியும். மண் போகும், மண்ணோடு ஒலிவ மரத்தின் வேரும் வெளியே வரும். அதனால் எங்கள் ஊர் பேத்ஜாலாவில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த வாரங்களில் "மித்ரி எங்கே, மித்ரி எங்கே" என்று தேடுவார்கள். மித்ரி நான்தான். அந்த வருஷம் நான் யாருக்கும் கிடைக்கவில்லை.

என் மனைவி நஜ்லாவுக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுத்தாயிற்று, மருந்து ஏற்றியாயிற்று, தலைமுடி கொட்டி மறுபடி பூனைமயிர் போல முளைக்கத் தொடங்கியிருந்தது. அடுத்தது கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கான இயந்திரம் எங்கள் ஜனத்துக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எருசலேமில், ஒலிவ மலை மேல், எங்கள் லுத்தரன் சபைகள் நடத்தும் ஆஸ்பத்திரியில். காற்று தெளிவாக இருந்தால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்த மலை தெரியும். போய்ச்சேருவதற்குத்தான் விடியுமுன் எழுந்து ராணுவச் சோதனைச் சாவடியில் ஆடுகளைப் போல வரிசை நிற்க வேண்டும். நோயாளிக்கு ஒரு அனுமதிச் சீட்டு, துணைக்குப் போகிறவனுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. மகன் ஃபாயிஸ் சிலியில் இருக்கிறான், மகள் அம்மானில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். ஆகவே துணை நான்தான். ஞாயிறும் அதற்கு முந்தின நாளும் தவிர எல்லா நாளும் போய் வந்தோம். அவள் உள்ளே படுத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். போக வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

அப்படிப் போய் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்தப் போன் வந்தது. எண் காட்டாத அழைப்பு. ராணுவத்தின் உளவுக்காரர்கள்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"அபூ ஃபாயிஸ், சௌக்கியமா?" ஃபாயிஸின் தகப்பன் என்று ஊர்க்காரன் போலக் கூப்பிட்டான். பேசியது எங்கள் அரபிதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கற்ற வாடை அடித்தது. "நான் கேப்டன் ஷாய். பயப்படாதே. நஜ்லா எப்படி இருக்காங்க? தோல் எரியுமே, கத்தாழை தடவச் சொல்லு."

"நல்லா இருக்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

"நல்லா இருக்கட்டும். உன் பேர்ல ஒரு புள்ளி அழுக்குக்கூட இல்ல, தெரியுமா? பந்தாலி கிழவன் உன்னை எங்கேயோ சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகப் போறான்னு காதுல விழுந்துச்சு. வீட்ல நோயாளியை வெச்சிருக்கிறவனுக்கு அதெல்லாம் எதுக்குப்பா? சும்மா, மனசுல பட்டதைச் சொன்னேன்."

மிரட்டவே இல்லை. போனை வைத்தபிறகுதான் என் அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்; அவன் நினைத்தால் அது இல்லை. நஜ்லாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பந்தாலி கிழவர் என்றால் ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஒலிவத் தோப்பு வைத்திருக்கும் ஜிர்யிஸ் பந்தாலி. அவருடைய தம்பிகள் எல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன்பே சிலிக்குப் போய் அங்கேயே பிள்ளை பெற்று, அரபி மறந்து, பந்தாட்டக் கழகத்துக்குக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மிஞ்சியவர் இவர் ஒருவர். எதிர் மலையில் யூதர்களின் குடியேற்றம் வளர்ந்து வளர்ந்து, அதற்கு ஒரு சாலை வேண்டியிருந்தது. சாலை பள்ளத்தாக்கு வழியாக வர வேண்டும். உழாமல் கிடக்கும் நிலம் அரசாங்கத்துக்குச் சேரும் என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. பந்தாலியின் தோப்பு பல வருஷங்களாகப் பாழாகக் கிடக்கிறது என்று எழுதிய ஒரு தாளை அதிகாரிகள் தோப்பில் போட்டு, அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பாழாகக் கிடக்கவில்லை. வருஷா வருஷம் நான் உழுதிருக்கிறேன், கிளை கழித்திருக்கிறேன், சுவர் நிமிர்த்தியிருக்கிறேன். கிழவர் அத்திமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, "அந்தக் கல்லு சிரிக்குது பார், திருப்பி வை" என்று அதிகாரம் பண்ணுவார். என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவன் செத்துப்போனான், இன்னொருவன் சுவீடனில் தட்டு கழுவுகிறான். அந்தத் தாளை எதிர்த்து நடக்கும் விசாரணையில் நில உரிமையாளன் சொல் மட்டும் எடுபடாது, வேலை செய்தவன் வந்து சொல்ல வேண்டும் என்று வழக்கறிஞர் லமீஸ் சொன்னாள். லமீஸை அமர்த்தியது எங்கள் சபை. வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வருகிறவர்கள் அறுவடைக் காலத்தில் சபைப் பெயர் எழுதிய மேல்சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு மரத்தடியில் நிற்பதும் உண்டு. அவர்கள் நிற்கும்போது குடியேறிகளின் கல்லெறி குறையும். அவர்கள் ஊருக்குப் போய் அறிக்கை விடுவார்கள். அறிக்கை சாவடி தாண்டி வந்து எங்கள் அனுமதிச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்ததாக நான் கேட்டதில்லை. ஆனால் நஜ்லா படுக்கிற இயந்திரமும் அவர்கள் காசு சேர்த்து அனுப்பியதுதான். இரண்டையும் சொல்ல வேண்டும்.

லமீஸ் என்னிடம் முதலில் கேட்டபோது, "பார்க்கலாம் மகளே" என்றேன். இரண்டாம் தடவை கேட்டபோது இடுப்பு வலி என்றேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. கிழவர் ஜாஹா அனுப்பினார்.

ஜாஹா வருகிறது என்றால் விளையாட்டில்லை. கொலைப் பழி தீர்க்கவும், பெண் கேட்கவும், ஒருவன் மறுக்கக்கூடிய பெரிய காரியம் எதையும் கேட்கவும் ஊர்ப்பெரியவர்கள் திரண்டு ஒரு வீட்டுக்குப் போவதுதான் ஜாஹா. வீட்டுக்காரன் காப்பி கொடுப்பான். அவர்கள் அதைத் தொடாமல் முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்க வந்ததைக் கேட்பார்கள். "குடியுங்கள், நீங்கள் வந்த காரியம் ஆயிற்று" என்று வீட்டுக்காரன் சொன்னால்தான் கோப்பையை எடுப்பார்கள். சொல்லாவிட்டால் காப்பி ஆறியபடியே இருக்க, எழுந்து போய்விடுவார்கள். அப்படிக் காப்பி ஆறிய வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், சாவுக்கும் யோசித்துத்தான் வருவார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் இதில் ஒரே வழக்கம்தான்.

சனிக்கிழமை மாலை வந்தார்கள். முன்னால் வலஜா கிராமத்து ஹாஜி தைஸீர். இந்தப் பக்கத்தில் எந்தச் சமாதானமும் அவர் நாக்கில்லாமல் நடக்காது. அவருக்குப் பின்னால் பந்தாலி, புது கோட்டு போட்டு. அவர் தெருக்காரர்கள் சிலர். கடைசியில் எங்கள் போதகர் பிஷாரா, கழுத்துப்பட்டையோடு. நஜ்லா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதே மனிதர் என் தோளில் கை வைத்து ஜெபம் பண்ணியவர். இன்று என்னை மடக்க வந்திருக்கிறார்.

எங்கள் முன்னறை சிறியது. நாற்காலி போதாமல் இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். காப்பி கொடுக்க வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. நான் எழுந்தேன். அதற்குள் நஜ்லாவே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கதிர் சுட்ட பக்கத்துக் கையை உயர்த்த முடியாமல் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. போதகர் பாதி எழுந்து தட்டைப் பிடித்தார்.

"உக்காருங்க ஐயா" என்றாள் நஜ்லா. "கைதான் போச்சு, காப்பி போடத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. கோப்பைகள் அவரவர் முன்னால் வைக்கப்பட்டன. ஒருவரும் தொடவில்லை. நஜ்லா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தாமல் நின்றாள். அவள் நிழல் தரையில் தெரிந்தது.

ஹாஜி தைஸீர் தொடங்கினார். முதலில் என் தகப்பனைப் புகழ்ந்தார். பிறகு என் கையைப் புகழ்ந்தார். "இந்த மலையில நீ அடுக்காத கல்லு எது அபூ ஃபாயிஸ்? உன் சுவர் மேல ஆடு ஓடினாலும் அசையாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. அந்தச் சுவர் பொய்யின்னு ஒருத்தன் எழுதி வெச்சிருக்கான். அந்த நிலத்துல நீ வேர்வை சிந்தலையாம். இதைக் கேட்டுட்டு நீ சும்மா இருக்கலாமா? பந்தாலி உன் வாசலுக்கு வந்திருக்கார். நாங்களும் அவர்கூட வந்திருக்கோம். உன் வாய் வார்த்தை ஒண்ணுதான் கேக்கிறோம். காப்பி உன்னோடது, மரியாதையும் உன்னோடது."

பந்தாலியால் பொறுக்க முடியவில்லை. "அதிகமா ஒண்ணும் கேக்கலயே! போய் நின்னு, ஆமா, நான் உழுதேன்னு சொல்லணும். உழுதியா இல்லையா?"

"உழுதேன்" என்றேன்.

"அப்புறம் என்ன? நாக்குல கல்லு கட்டியிருக்கா?"

"ஜிர்யிஸ்!" ஹாஜி அவர் முழங்காலைத் தட்டினார். "கேக்க வந்த இடத்துல குதிரை ஏறாதே."

நான் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய் வாசனை வந்தது. காப்பியின் மேல் மெல்லிய தோல் படியத் தொடங்கியிருந்தது. என்ன சொல்வேன்? போன் வந்தது என்று சொன்னால், பயந்தவன் என்று ஊருக்குத் தெரியும். பரவாயில்லை. ஆனால் யார் யாரெல்லாம் கேட்கிறார்கள் என்று அறையில் எண்ண முடியாது. ஷாய் எனக்குப் போன் பண்ணினான் என்பதே, நான் அவர்களுக்கு உளவு சொல்கிறவன் என்ற சந்தேகமாகத் திரும்பும். எத்தனையோ பேருக்கு அப்படித் திரும்பியிருக்கிறது.

அப்போது என் போன் அடித்தது. மேசை மேல், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். எண் இல்லை. நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. ஹாஜி வாயைத் திறந்தார், மறுபடி அடித்தது. நான் கையை மேசை மேல் வைத்தேன், போன் மேல் வைக்கவில்லை. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது போதகர் பிஷாரா போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைத் தரையில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தார்.

அடுத்து அவர் செய்ததை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கையை நீட்டினார், தம் முன்னால் இருந்த கோப்பையை எடுத்தார், குடித்தார். ஒரு வாய் அல்ல. அடிக்கசடு வரை குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"ஐயா!" என்றார் ஹாஜி தைஸீர்.

பந்தாலியின் கழுத்து சிவந்தது. "என்ன காரியம் பண்ணினீங்க? அவன் இன்னும் வாயே திறக்கலயே! ஜெர்மனியில வருஷக் கணக்கா படிச்சதுல சொந்த ஊர் வழக்கம் மறந்துபோச்சா?"

"தாகமா இருந்துச்சு" என்றார் போதகர்.

"தாகமா! தண்ணி கேட்டிருக்கலாமே! ஜாஹாவுல போய் தாகமாம்!"

"நல்ல காப்பி" என்றார் போதகர், சமையலறைப் பக்கம் திரும்பி. "உம்மு ஃபாயிஸ், கை ஆறட்டும்மா."

ஜாஹாவில் வந்த ஒருவர் குடித்துவிட்டால் கேட்க வந்தது கேட்காததாகிவிடும். வீட்டுக்காரன் மேல் கடன் இல்லை, குறை இல்லை. ஹாஜி தைஸீர் நாற்பது வருஷம் சமாதானம் பேசியவர். போதகரை நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் தாமும் மெதுவாகக் கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுக்க வேண்டியதாயிற்று. பந்தாலி மட்டும் குடிக்காமல் எழுந்து, வாசலில் செருப்புக் காலை உதறிக்கொண்டே போனார். "மேய்ப்பனாம்! ஆட்டை ஓநாய்கிட்ட கொடுத்துட்டு புல்லு நல்லா இருக்குன்றான்" என்று தெருவில் அவர் குரல் கேட்டது.

போதகர் கடைசியாகப் போனார். வாசலில் என் கையைப் பிடித்தார்.

நஜ்லா கோப்பைகளைப் பொறுக்க வந்தாள். பந்தாலியின் நிரம்பிய கோப்பையை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

"அந்தப் போன் யாரு?"

"யாரோ."

"மித்ரி, எனக்கு மார்லதான் வியாதி. காதுல இல்ல. ராத்திரியெல்லாம் புரள்றே. போன் அடிச்சா வெளியில ஓடறே. வேற பொம்பளைன்னா சொல்லிடு, இந்த முகத்தோட உன்னை யார் எடுத்தாள்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

சொன்னேன். கத்தாழை வரைக்கும் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"கத்தாழையா" என்றாள். "என் தோல் எரியறது உனக்கும் எனக்கும் அந்த நர்ஸுக்கும்தானே தெரியும்?"

"எல்லாம் அவங்களுக்குத் தெரியும்."

"அப்போ நான் துணி மாத்தறதையும் பார்த்துட்டுத்தான் இருக்கானா?" பிறகு குரல் தாழ்ந்தது. "என் உடம்பைக் கயிறாத் திரிச்சு உன்னைக் கட்டியிருக்கான். நீயும் கட்டுப்பட்டு நிக்கிறே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"தெரியாது. கேட்டிருக்கணும்."

"நஜ்லா, எனக்கு அனுமதி போச்சுன்னா உன்னை யார் கூட்டிட்டுப் போறது? பாதியில விட்டா வீண்னு டாக்டர் சொன்னாரே. நிலம் பந்தாலியோடது. எனக்கென்ன அதுல?"

"அப்போ போகாதே."

"போகலன்னுதானே சொல்றேன்."

"சரி, போகாதே. ஆனா எனக்காகப் போகலன்னு மட்டும் சொல்லாதே. அதை என் தலையில வைக்காதே. ஏற்கெனவே அங்க முடி இல்ல."

அதன் பிறகு பல நாட்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சாவடிக்குப் போனோம், வந்தோம். சுழல்கம்பிக் கதவில் கைரேகை பார்க்கும் கண்ணாடி மேல் என் கையை வைக்கும்போதெல்லாம் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. நல்ல மனுஷன் என்று அது என்னிடம் சொல்வது போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசியது.

அடுத்த வார ஞாயிறு காலை ஆராதனையைக் கோவிலில் வைக்காமல் பள்ளத்தாக்கில் வைத்தார்கள். பந்தாலியின் தோப்பில்தான். கிழவர் போதகரோடு இன்னும் பேசவில்லை. ஆனாலும் தோப்பைத் திறந்து, அத்திமரத்தடியில் தம் நாற்காலியைத் திருவிருந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டென்மார்க்கிலிருந்தோ எங்கிருந்தோ வந்த நாலைந்து பேர் வெயிலில் சிவந்து நின்றார்கள். எதிர் மலையில் பாறை உடைக்கும் இயந்திரம் ஞாயிறென்று பார்க்காமல் இரைந்தது. நாங்கள் பாடினோம். இயந்திரம் ஓங்கும்போது பாட்டு காணாமல் போகும், அது மூச்சு விடும்போது பாட்டு நடுவரியில் மேலே வரும்.

நான் பாடவில்லை. என் கண் கீழ்ச்சுவரில் இருந்தது. வயிறு தள்ளியிருந்தது. நடுவில் ஒரு கல் வெளியே வந்து, பின்னால் இருந்த சிறுகல் எல்லாம் கொட்டியிருந்தது. இந்த மழைக்கு நிற்காது. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே என்னையறியாமல் நான் இறங்கிப்போய்விட்டேன். தள்ளின கல்லை எடுத்தேன், பின்னால் நிரப்பினேன், திருப்பி வைத்தேன். அது உட்காரவில்லை. வேறொன்றைத் தேடி வைத்தேன். ஞாயிறு உடை முழுக்க மண்.

ஆராதனை முடிந்து போதகர் அங்கியோடு இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்றே" என்றார்.

"ஜாஹாவுல காப்பி குடிக்கிறவர் அதைச் சொல்லக்கூடாது."

அவர் சிரித்தார். கல்லின் மேல் உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவர் முகம் களைத்திருந்தது. சபையில் பாதிப் பேர் அவர் மேல் கோபமாயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

"ஐயா, அந்த விசாரணை எந்த நாள்னு லமீஸ்கிட்ட கேளுங்க" என்றேன்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல, மித்ரி."

"அதான் சொல்றேன். கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். வந்திருந்தாலும் உங்களைத் திட்டிட்டேதான் வந்திருப்பேன்."

"நஜ்லாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டுக்குப் போய் முதல்ல கேக்கணும். அவ வேண்டாம்னா லமீஸ்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." பிறகு எனக்குப் பாரமாயிருந்ததைக் கேட்டேன். "என் அனுமதி போயிடும் ஐயா. அவளை யார் கூட்டிட்டுப் போவாங்க?"

போதகர் தலையைச் சொறிந்தார். "எங்க அக்கா அஃபீஃபா போகலாம். அவ வயசுக்கு அனுமதி கேக்க மாட்டாங்க. ஆனா..."

ஆனா என்ன என்று எனக்கும் தெரியும். அஃபீஃபா கல்யாணம் கட்டாதவள். சபைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரம்பு பிடித்தவள். பிரம்பை விட்டும் கை நிமிர்ந்தே இருக்கும். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பேரீச்சம்பழப் பலகாரம் செய்யும்போது, மாவில் வெண்ணெய் போதாது என்று நஜ்லாவை எல்லாப் பெண்கள் முன்னாலும் சொன்னவள்.

வீட்டில் நான் கேட்டபோது நஜ்லா சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போறதுன்னா போ. கேட்டியே, அது போதும்" என்றாள். பிறகுதான் துணை யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"அஃபீஃபாவா! அந்தக் கதிர் என்னைச் சாகடிக்கலன்னா இவ சாகடிப்பா."

"வேற யார் இருக்கா?"

"வண்டியில அவ வாயைத் திறந்தா நான் இறங்கிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

விசாரணை அடுத்த ஞாயிறன்று, ஆஸ்பத்திரி இல்லாத நாளில், ஒரு படைமுகாமுக்குள், தகர அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் சீருடையில் மூன்று பேர். மொழிபெயர்க்க ஒரு பையன். லமீஸ் என் வாக்குமூலத்தை எழுதி வைத்திருந்தாள். நானே படிக்கிறேன் என்றேன். மெதுவாகத்தான் படிப்பேன். அவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அரசாங்கத்தின் வழக்கறிஞர் வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். மரங்கள் புள்ளிபுள்ளியாக இருந்தன. சுவர்கள் தெரியவில்லை, நிழல்தான் தெரிந்தது.

"கடைசியா எப்ப இங்க வேலை செஞ்சே?"

"போன வருஷம், மழைக்கு முன்னால." போன ஞாயிறு வைத்த கல்லைச் சொல்லலாமா என்று லமீஸைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"இந்த வருஷம் உழுதியா?"

"இல்ல."

"யாராவது உழுதாங்களா?"

"இல்ல."

"அப்போ நிலம் சும்மாதான் கிடக்குது. ஏன் உழல?"

"என் பொண்டாட்டிக்குக் கதிர் வைக்கிறாங்க" என்றேன். "ஒலிவ மலை மேல. நான் கூடப் போகணும்."

பையன் அதை மொழிபெயர்த்தான். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இரக்கமா, நிலம் சும்மா கிடக்கிறது என்பதற்கு இன்னொரு அத்தாட்சியா, எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் உழாததைக் கணக்கில் எடுக்கச் சட்டம் இல்லை என்று லமீஸ் எழுந்து வாதாடினாள். இன்னும் படங்கள் காட்டினார்கள். தீர்ப்பு பின்னால் வரும் என்றார்கள்.

வெளியே பந்தாலி கம்பி வேலியோரம் நின்றிருந்தார். அவரை உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கல்லு திருப்பி வெச்சதெல்லாம்?"

"அதையும் சொன்னேன். நீங்க நாற்காலியில உக்காந்திருந்ததையும் சொன்னேன்."

"போடா" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்தார். விடவில்லை.

மறுநாள் விடியலில் நஜ்லாவும் நானும் வழக்கம்போல் சாவடிக்குப் போனோம். அஃபீஃபாவும் வந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. வெளிச்சம் வரவில்லை. காப்பி விற்கிறவன், ரொட்டி விற்கிறவன், வேலைக்குப் போகிற கூட்டம். நஜ்லா முன்னால் சுழல்கம்பியில் நுழைந்தாள். பின்னால் அஃபீஃபா. கம்பி 'டக்' என்று நின்றது. பிறகு திறந்து என்னை உள்ளே விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் சிப்பாய், என் மகள் வயதிருக்கும், என் கையை வைக்கச் சொன்னாள். வைத்தேன். சிவப்பு.

மறுபடி வை என்றாள். துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு.

"தடை" என்றாள் ஒலிபெருக்கியில். "பாதுகாப்புக் காரணம். திரும்பிப் போ."

"இத்தனை நாளும்..."

"திரும்பிப் போ."

நான் திரும்பிக் கம்பிகளின் இந்தப் பக்கம் வந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் வழி விட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே அதைக் கேட்க மாட்டார்கள். நஜ்லா அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவில்லை. அவள் பை என் கையில் இருந்தது.

"பையைக் கொடு" என்று அஃபீஃபா கம்பியருகே வந்தாள். பை இடுக்கில் நுழையவில்லை. இழுத்துப் பார்த்தாள், நான் தள்ளிப் பார்த்தேன். "அதைப் பிரி, மனுஷா! ஒண்ணொண்ணா கொடு. இதுக்கும் பாடம் எடுக்கணுமா?"

நான் தரையில் குந்திப் பையைத் திறந்தேன். முதலில் சால்வையைச் சுருட்டிக் கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தல் பெரிது. அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நசுக்கிக் கொடுத்தேன். ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் பாதி பாதியாகக் கொடுத்தேன். ஒலிவக் காய் டப்பா போகவில்லை. அஃபீஃபா உள்ளங்கையைக் குவித்து நீட்டினாள், அதில் கொட்டினேன். எண்ணெய் அவள் மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

"என் களிம்பு" என்றாள் நஜ்லா.

களிம்புக் குழாய் அடியில் கிடந்தது. எடுத்து இடுக்கில் நீட்டினேன். அதை அஃபீஃபா வாங்கவில்லை. அவள் கை இரண்டும் ஒலிவக் காயாக இருந்தது. நஜ்லாவே வந்து, கதிர் சுடாத கையால் வாங்கிக்கொண்டாள். அவள் விரல் கொஞ்ச நேரம் என் விரல் மேல் இருந்தது.

"சாயங்காலம் இங்க நிக்காதே" என்றாள். "குளிரும். வீட்ல இரு."

பின்னால் யாரோ, "நகரு அண்ணே, வேலைக்கு நேரமாச்சு" என்றார்கள். நகர்ந்தேன். அந்தப் பக்கம் பேருந்தை நோக்கி இரண்டு பெண்களும் நடந்து போனார்கள். ஒருத்தி கையில் ஒலிவக் காய், ஒருத்தி தோளில் சால்வை. பாதி வழியில் அஃபீஃபா ஏதோ சொன்னாள். நஜ்லா நின்று பதில் சொன்னாள். என்னவென்று என் காதில் விழவில்லை. ஆனால் இருவரும் ஒரே பேருந்தில்தான் ஏறினார்கள்.

காலியான பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வேலைக்குப் போகிற கூட்டம் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் வந்ததும் நான் பள்ளத்தாக்குக்கு இறங்கினேன். தீர்ப்பு என்று வரும், எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. மழை அதற்கு முன்னால் வந்துவிடும். கீழ்ச்சுவரில் அந்தக் கல் இன்னும் சரியாக உட்காரவில்லை.